பஞ்சத்துக்குப் போட்ட தண்டவாளம்

1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அரிசி, ஏற்றிச் செல்லப் போதுமான ரயில் பெட்டிகள் இல்லாமல் மணலிலேயே காத்துக் கிடந்தது. அந்தக் காட்சியைக் காட்டும் பழைய படங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, அன்றைய சேலம் ஜில்லாவின் வடகோடியில், கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சனங்கள் கஞ்சித் தொட்டியைத் தேடி ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று தலைமுறைகள் தாண்டியும் பேசப்பட்ட கொடுமை அது.

1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-இல் எண்ணியபோது 16 லட்சம் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். பத்தாண்டில் பெருக வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கடற்கரையில் தானியம் இருந்தது, உள்நாட்டில் பசி இருந்தது, நடுவில் வண்டி இல்லை.

ஒரு மூட்டை எப்படி ஊர் போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு இன்று பல்கலைக்கழகங்களில் தனித் துறையே இருக்கிறது. கடைக்குச் சரக்கு போகும் வழியை ஆராய்வோர் ஒருபுறம், பேரிடரில் நிவாரணம் போகும் வழியை ஆராய்வோர் மறுபுறம் என்று அது வளர்ந்திருக்கிறது. அவர்கள் ஆராயும் கேள்விக்கு ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தின் வரலாறு இருநூறு ஆண்டுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறது.

பொதிமாடும் கணவாயும்

1791 மே மாதம் கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு பெரும்படையோடு திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். சண்டையில் தோற்று அவர் திரும்பவில்லை. தீவனம் இல்லாமல் இழுவை மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன, சிப்பாய்களுக்குத் தானியம் தீர்ந்தது. இழுக்க மாடில்லாத பெரிய முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டு அவர் பெங்களூருக்குப் பின்வாங்க நேர்ந்தது.

அடுத்து அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு உடனே திரும்பாமல், ஜூலையில் ஓசூர்க் கோட்டையைப் பிடித்தார். அதே மாதத்தில் இராயக்கோட்டையும் விழுந்தது. ஆற்காட்டுச் சமவெளியிலிருந்து, இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாரமகால் வழியாக மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் கணவாய்களைக் காவல் காத்தவை அந்தக் கோட்டைகள். அவை கைக்கு வந்த பிறகுதான் அரிசி மூட்டை சுமந்த மாட்டு மந்தைகள் தடையில்லாமல் மேலே ஏற முடிந்தது. அந்தப் போரில் தானியம் சுமந்தவர்களில் முக்கியமானவர்கள் லம்பாடிகள். சம்பளப் பட்டியலில் இல்லாத வணிகர்கள் அவர்கள். குடும்பத்தோடும் மந்தையோடும் நகர்ந்து, தானியத்தை விலைக்கு வாங்கிப் படை இருக்கும் இடத்தில் விற்றார்கள். அமைதிக் காலத்தில் உப்பும் தானியமும் சுமந்த அதே மாடுகள்தான் போர்க்காலத்தில் படைக்கும் சோறு கொண்டுபோயின. 1792 ஒப்பந்தத்தில் பாரமகால் கும்பினி வசம் வந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் ஓசூர்ப் பக்கமும் சேர்ந்தது.

ஓசூரின் குளிர்ந்த மேட்டுநிலம் படைக்கு வேறு விதத்திலும் பயன்பட்டது. மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் பரந்த நிலம், 1824-இல் படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணையாகத் தொடங்கியது. தொழிற்சாலை வருவதற்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே ஓசூருக்கு அமைந்த வேலை, சுமக்கும் உயிர்களை உருவாக்கி அனுப்புவதுதான்.

ரயில் சுற்றிப் போன ஊர்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1860-களில் பாதை ஜோலார்பேட்டையை அடைந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கை தெற்கே திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கியது. இன்னொரு கை குப்பம் வழியாக 1864-இல் பெங்களூருக்கு ஏறியது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் ரயில் தொடாத நிலமாகக் கிருஷ்ணகிரியும் ஓசூரும் நிற்கும்.

மழை பொய்த்த 1876-இல் இந்த வரைபடம் உயிர்களைத் தீர்மானித்தது. திருப்பத்தூரிலும் மொரப்பூரிலும் இறங்கிய மூட்டை அதற்கப்பால் மாட்டு வண்டியில்தான் போக வேண்டும். பஞ்சத்தில் முதலில் சாவது மாடு. புல்லும் வைக்கோலும் இல்லாமல் மாடு செத்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் தானியம் நிற்கும். ராகியைத் தரைக்கடியில் குழிவெட்டி ஆண்டுக்கணக்கில் கெடாமல் சேமிக்கும் வழக்கம் இந்தப் பகுதியில் இருந்தது. வரிசையாக விளைச்சல் பொய்த்தபோது அந்தக் குழிகளும் ஒழிந்தன.

அரசாங்கத்துக்குள்ளேயே பெரிய தகராறு நடந்தது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் ஆர்பத்நாட் கம்பெனி மூலம் அரசுச் செலவில் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது, விலை ஏறினால் வியாபாரி தானே கொண்டுவருவான் என்றது வைசிராய் லிட்டனின் அரசு. லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆளுக்கான கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்ற அளவுக்குக் குறைத்தார். அந்த அளவில் உடல் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாமல் எதிர்த்தார். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளில் எழுதிவைத்தார். அதனால்தான் இந்த வாதங்கள் நமக்கு விவரமாகத் தெரிகின்றன.

தென்னிந்தியா முழுவதும் அரை கோடிக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகு, 1880-இல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பஞ்சப் பகுதிகளுக்குத் தண்டவாளம் போட வேண்டும் என்ற கொள்கை அதிலிருந்து வலுப்பெற்றது. பஞ்சக் காப்புப் பாதைகள் என்று அவற்றுக்குப் பெயர்.

சின்ன ரயில்

அந்தக் கொள்கை பாரமகாலுக்கு வந்துசேர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொரு பாதை. அது 1913-இல் ஓசூர் வரை நீண்டு, எழுபது மைலுக்கு மேல் ஆனது. இரண்டும் பஞ்சக் காப்புப் பாதைகள். இரண்டிலும் தண்டவாள இடைவெளி இரண்டரை அடிதான்.

அந்த இரண்டரை அடிதான் இந்தப் பாதைகளின் தலைவிதி. பெரிய லைனின் இடைவெளி ஐந்தரை அடி. கிருஷ்ணகிரிப் புளி மூட்டை சென்னைக்குப் போக வேண்டுமானால், சின்ன ரயிலில் ஏற்றி, திருப்பத்தூரில் இறக்கி, சுமையாட்கள் முதுகில் தூக்கிப் போய்ப் பெரிய ரயிலில் மறுபடி அடுக்க வேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி. கொக்கி குத்திய இடத்தில் கோணி கிழிந்து சிந்தும் தானியம் வியாபாரியின் நஷ்டம். மழை நாளில் மூட்டை நனைந்தால் பொறுப்பேற்பது யார் என்ற தகராறு வேறு. மலிவாகப் போடலாம் என்று தேர்ந்தெடுத்த சின்ன இடைவெளி, சரக்குக்கு அன்றாடச் சுமையானது.

பிறகு மோட்டார் வந்தது. லாரி, களத்திலேயே மூட்டையை ஏற்றி மண்டி வாசலிலேயே இறக்கியது. நடுவில் கை மாற்றம் கிடையாது. பஞ்சத்துக்காகப் போட்ட பாதை, பஞ்சமில்லாத ஆண்டுகளில் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வருமானத்தைத் தேடித் திணறியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் இரண்டு பாதைகளும் மூடப்பட்டுவிட்டன. 1960-களில் சேலம், தருமபுரி, ஓசூர், பெங்களூரு மீட்டர்கேஜ் பாதை அமைந்து, பிறகு அகலப் பாதையாகவும் மாறியதால் ஓசூருக்கு ரயில் திரும்பியது. அந்தப் பாதை பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகப் போவதால் கிருஷ்ணகிரி நகரத்துக்கு மட்டும் திரும்பவில்லை. 2004-இல் மாவட்டத் தலைநகரான பிறகும் அங்கே ரயில் நிலையம் கிடையாது.

உப்பு சொன்ன கணக்கு

இத்தகைய பாதைகளால் உண்மையில் பயன் இருந்ததா? பொருளாதார வரலாற்று ஆய்வாளர் டேவ் டொனால்ட்சன் தன் ஆய்வு வாழ்க்கையின் பல ஆண்டுகளை இந்தக் கேள்விக்குச் செலவிட்டார். ஆங்கிலேயர் கால இந்திய ஜில்லாக்களின் விலை, மழை, விளைச்சல், ரயில் பதிவேடுகளைத் தூசி தட்டித் தொகுத்தார். சரக்குக் கூலி எவ்வளவு குறைந்தது என்று அளக்க அவர் பிடித்த துருப்புச்சீட்டு, உப்பு. வட இந்தியாவில் ஒவ்வொரு வகை உப்பும் ஒரே இடத்தில்தான் விளைந்தது. விளைந்த இடத்து விலைக்கும் விற்ற இடத்து விலைக்கும் உள்ள வித்தியாசமே வழிச்செலவு. ரயில் போன ஜில்லாக்களில் அந்த வித்தியாசம் சுருங்கியது. வேளாண் வருமானம் சுமார் 16 விழுக்காடு உயர்ந்தது என்று 2018-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை கூறுகிறது. மழை பொய்த்தால் மக்கள் மடிவது என்ற பழைய கணக்கு, ரயில் தொட்ட இடங்களில் பெரிதும் தளர்ந்தது என்பதை ராபின் பர்ஜஸுடன் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை காட்டியது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வந்த வழியாகவே தானியம் வெளியேறவும் செய்யும். தாது வருஷத்திலேயே இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. கையில் காசில்லாதவன் வாசலில் ரயில் நின்றாலும் பட்டினிதான் கிடப்பான். பஞ்சம் என்பது உணவு இல்லாததால் மட்டும் வருவதில்லை, உணவைப் பெறும் உரிமை இல்லாததால் வருவது என்று அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூல் இதைத்தான் நிறுவியது. பாதையோடு கடையும், கடையோடு மக்களுக்கு எட்டும் விலையும் சேர வேண்டும்.

தொரப்பள்ளியிலிருந்து ரேஷன் கடை வரை

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த 1878 டிசம்பர் 10-இல், ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, வறண்ட கிராமங்களுக்கு நூற்புக் கூலியின் மூலம் கஞ்சிக்கு வழி செய்தவர் அவர். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானதும், போர்க்காலத்திலிருந்து நீடித்த உணவுக் கட்டுப்பாட்டை ஜூன் மாதத்தில் நீக்கினார். ஜில்லா விட்டு ஜில்லா தானியம் நகரத் தடை இருந்ததால்தான் பதுக்கலும் பற்றாக்குறையும் வளர்ந்தன என்பது அவர் கணிப்பு. தடை நீங்கியதும் அரிசி கடைக்கு வந்தது.

வணிகத்தை நம்பிய அந்த முடிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1960-களில் பஞ்சத்தை நெருங்கிய ஆண்டுகள் அதைக் காட்டின. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. கொள்முதல் நிலையம், கிடங்கு, லாரி, ரேஷன் கடை என்று ஒரு சங்கிலி மாநிலம் முழுக்க அமைந்தது. 33,000-க்கும் மேற்பட்ட கடைகள் மாதாமாதம் தவறாமல் இயங்குகின்றன. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தர அரசு முடிவெடுத்தபோது புதிதாக எதையும் கட்டத் தேவைப்படவில்லை. எந்தத் தெருவுக்கு எந்தக் கடை, எந்தக் கடைக்கு எந்தக் கிடங்கு என்று ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சின்ன ரயில் தோற்ற இடத்தில் ரேஷன் கடை வென்றதற்குக் காரணம் இதுதான். பஞ்சத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த பாதை மடிந்தது. அன்றாடம் புழங்கும் கடை பேரிடரிலும் கைகொடுத்தது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட அட்டைதாரர்களுக்கு அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி தரும் திட்டம் வந்தபோது, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகளின் ராகிக்கும் அரசுக் கொள்முதலில் இடம் கிடைத்தது. குழியில் சேமித்த தானியம் மறுபடி பொதுக் கிடங்குக்கு வந்திருக்கிறது. அதே கடைகளின் அரிசி எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் கடத்தப்படுவதும், அதிகாரிகள் அதை அடிக்கடி மடக்கிப் பிடிப்பதும் இந்த எல்லையின் தீராத நோய். ஏழையின் தட்டுக்குப் போக வேண்டிய மூட்டை அது.

ஆலையும் கடையும்

1970-களில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பின்தங்கிய பகுதிக்கான சலுகை தமிழ்நாட்டிலும், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு நகரம் கர்நாடகத்திலும் கிடைத்த இடம் அது. 1980-இல் அசோக் லேலண்டு லாரி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து புறப்பட்டது.

அந்த மொபெட்டைச் சந்தை நாளில் பார்க்க வேண்டும். இருக்கைக்கு முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன், அதற்கு மேல் கீரைக் கட்டு, நடுவில் ஓட்டுபவர். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கும், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தைக்கும், இராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கும் சிறு விவசாயியும் சிறு வியாபாரியும் சரக்கு கொண்டுவருவது அதில்தான். சில்லறை வணிகத்தின் கடைசி மைல் என்று ஆய்வேடுகள் குறிப்பிடும் அந்தக் கடினமான தூரத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கடந்தது ஓசூரில் செய்த இந்த வண்டி.

அதே நெடுஞ்சாலையில் பாடி கட்டாத லாரிச் சட்டகங்கள் போகும். கூரையில்லை, கதவில்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டிய ஓட்டுநர் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்து, வெயிலையும் தூசியையும் வாங்கிக்கொண்டு பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டிப்போவார். இந்த ஊர் செய்யும் சரக்கு தன் சக்கரத்திலேயே வெளியூர் போகிறது.

டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், 1987 வாக்கில் ஓசூர் ஆலையிலிருந்து கடிகாரங்களைச் சந்தைக்கு அனுப்பியது. அது தனக்கென்றே கண்ணாடி அலமாரிக் கடைகளைத் திறந்து, கடிகாரத்தை விருப்பப்படி பார்த்து வாங்கும் பொருளாக்கியது. பிறகு வந்த தனிஷ்க் நகைக்கும் ஓசூர்தான் ஆலை. இந்திய சில்லறை வணிகத்தின் போக்கை மாற்றிய இரண்டு பெயர்களுக்கு இந்த எல்லையூர் தாய்வீடு.

பர்கூரில் நெடுஞ்சாலை ஓரம் முழுக்கத் துணி மொத்தக்கடைகள். மினி சூரத் என்றே அதற்குப் பெயர். மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும். சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலையும், காஷ்மீரிலிருந்து குமரிக்கு வரும் வடக்கு தெற்குச் சாலையும் சந்திக்கும் நகரம் கிருஷ்ணகிரி. ரயில் ஒதுக்கிய ஊரை லாரி நாட்டின் நடுச் சந்தியாக்கிவிட்டது.

எல்லை மூடும் நாள்

சந்தியில் இருப்பதன் விலையையும் இந்த ஊர்கள் கொடுத்திருக்கின்றன. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கர்நாடகத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இந்த எல்லை வழியாக ஓடிவந்தன. 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டு எண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. ஓசூர் எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் சரக்கு லாரிகள் நின்றன, மூட்டை முடிச்சோடு பயணிகள் கர்நாடகத்து அத்திப்பள்ளி வரை நடந்து எல்லை தாண்டினார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது எல்லை கரைந்துவிட்டது போலத் தோன்றியது. 2020 கொரோனா ஊரடங்கில் அது மறுபடி மூடிக்கொண்டது.

நிவாரணப் பணியில் பெரும்பங்கு, சுமார் 80 விழுக்காடு, சரக்கு ஏற்பாடுதான் என்று, நிவாரணம் போகும் வழியை ஆராயும் துறையின் முன்னோடிகளில் ஒருவரான பிரான்ஸ் இன்சியட் கல்வி நிறுவனப் பேராசிரியர் லூக் வான் வாசன்ஹோவ் 2006-இல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, அரசு அமைப்புகள் தடுமாறிய இடங்களில் வால்மார்ட் கடைகளின் லாரிகள் தண்ணீரும் உணவும் கொண்டு சேர்த்தன. எந்தக் கிடங்கில் எது இருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற அன்றாடக் கணக்கு அவர்களிடம் இருந்தது. லம்பாடி மந்தையும் ரேஷன் கடையும் சொன்ன அதே செய்தி.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தாக்கியது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை. சாலையோரம் நின்ற பேருந்துகளையும் வேன்களையும் வெள்ளம் புரட்டி இழுத்துப்போனது. வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் பேர்போன பாரமகாலை இம்முறை தண்ணீர் முடக்கியது.

இப்போது ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் புதிய ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை ஆய்வு வரை வந்திருக்கிறது. மொரப்பூர், தருமபுரி அகலப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் அறிவித்தார். இவற்றைத் திட்டமிடுவோர் ஆலைச் சரக்கையும் பயணிகளையும் மட்டும் எண்ணினால் போதாது. வெள்ளத்திலும் எல்லை மூடும் நாளிலும் எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் அரிசி போகும் என்ற கணக்கும் அந்தத் திட்ட அறிக்கையில் இடம்பெற வேண்டும். தக்காளிக்கும் மாங்கூழுக்கும் கட்டும் கிடங்கும் சரக்கு முனையமும் நிவாரணத்துக்கும் திறக்கும்படி முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். மாவட்ட நிர்வாகமும், தொழிலதிபர் சங்கங்களும், இப்பகுதிக் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த பருவமழைக்குள் முடிக்கக்கூடிய வேலை இது.